நடுவில் வரும் சிக்

மார்ச் 4, செவ்வாய்

மரியே வாழ்க.

நேற்றுக் கல்யாணத்துக்குப் போன சாமான்கள் காலையில் வந்து சேர்ந்தன. வயர்களைச் சுருட்டிக் கட்டி எண்ணி வைத்தேன். மைக் ஸ்டாண்டு ஒன்றில் திருகாணியைக் காணோம். இவங்களிடம் கேட்டால் "எந்த ஸ்டாண்டு?" என்கிறார்கள். எல்லாவற்றையும் நானே பார்க்க வேண்டியிருக்கிறது.

நாளை திருநீற்றுப் புதன், தவக்காலம் தொடங்குகிறது. இனி ஈஸ்டர் பாஸ்கா வரை எங்கள் பங்குக் கோவிலில் கல்யாணம் கிடையாது. கல்யாணம் இல்லையென்றால் டிஜேயாக இருக்கிற இவங்களுக்கு வேலையும் கிடையாது. வருசாவருசம் இந்த நாளில் எங்கள் வீட்டில் ஒரு சண்டை நடக்கும். தவக்காலத்தில் வீட்டுக்குள் சினிமாப் பாட்டு கூடாது என்பேன். "ஏட்டி, டிஜே வீட்ல பாட்டு கூடாதுன்னா டெய்லர் வீட்ல ஊசி கூடாதுன்னு சொல்லுவியா?" என்று இவங்க குதிப்பார்கள். கடைசியில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் மெதுவாக வைத்துக்கொள்ளலாம் என்று பேரம் முடியும்.

இந்த வருசம் நான் வாயைத் திறந்ததுமே "சரி, வேண்டாம்" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டார்கள்.

இத்தனை வருச ஜெபத்துக்குப் பலன். மாதாவுக்கு ஒரு மெழுகுதிரி ஏற்றினேன்.

மார்ச் 5, புதன்

சாம்பல் பூசினோம். ஒருசந்தி, ஒரு நேரம்தான் சாப்பாடு. கஞ்சி, தேங்காய்த் துவையல்.

மார்ச் 9, ஞாயிறு

பூசை முடிந்து வந்தால் வாசலில் டெரன்ஸ் அண்ணன் வண்டி நிற்கிறது. இவங்க தங்கச்சி மாப்பிள்ளை, ஜோவிட்டாவின் அப்பா. சவுண்ட், லைட் எல்லாம் சொந்தமாக வைத்திருக்கிறார். தூத்துக்குடியில் பாதிக் கல்யாணத்துக்கு ஸ்பீக்கர் அவருடையது, பாட்டு இவங்களுடையது. அண்ணன் கையில் பெரிய அட்டைப் பெட்டி. உள்ளே புது மிக்ஸர், ரெண்டு பக்கமும் சக்கரம், நடுவில் வரிசையாகப் பட்டன்.

"மச்சான், ஜோவிட்டா கல்யாணத்துக்கு இதுல போடு. இந்தா, இது சிங்க் பட்டன். அமுக்குனா போதும், ஓடுத பாட்டும் வாற பாட்டும் தானா ஒண்ணாச் சேந்துக்கிடும்."

சிங்க் என்றதும் நான் பாத்திரம் கழுவுகிற இடம் என்று நினைத்தேன். சொன்னேன். ரெண்டு பேரும் சிரித்தார்கள்.

இவங்க பட்டனைத் தொடவில்லை. "குத்து எல்லாருக்கும் கேக்கும் மாப்ள. மாட்டுக்கும் கேக்கும். ரெண்டு குத்துக்கு நடுவுல 'சிக்'னு சின்னதா ஒண்ணு வருது பாரு, அந்தச் சிக்கைக் காதுல பிடிச்சு ரெண்டு பாட்டையும் சேக்கிறவன்தான் டிஜே."

"அந்தச் சிக்க இது கேட்டுக்கிடும். நீ சும்மா கையைத் தூக்கிட்டு நில்லு."

"அப்ப சம்பளத்தைப் பட்டனுக்கே குடு."

"குடுத்திருவேன். அது பிரியாணி கேக்காது பாத்தியா."

டெரன்ஸ் அண்ணன் போகும்போது என்னிடம் மட்டும், "தங்கச்சி, மாப்பிள்ளை வீட்ல சென்னைல இருந்து ஒரு பையனக் கூட்டியாரோம்னு சொல்லுதாங்க. ஜோவிட்டாதான் மாமா போட்டாத்தான் நான் மேடையேறுவேன்னு ஒத்தக்கால்ல நிக்கா. மச்சான் போன மாசம் ரெண்டு இடத்துல கொஞ்சம் தடுமாறிட்டாரு. ஒண்ணும் இல்லல்லா?" என்றார்.

ஒன்றும் இல்லை என்றேன். வயசானால் யாருக்கும் கொஞ்சம் அசதி இருக்கும்தானே.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஜோவிட்டா பாதி நாள் எங்கள் வீட்டில்தான் வளர்ந்தாள். இவங்க வயிற்றின் மேல் ஏறி நின்று ஆடித்தான் அவள் ஆடவே கற்றுக்கொண்டாள். "உன் கல்யாணத்துக்கு மாமாதான் பாட்டுப் போடுவேன்" என்று அன்றைக்கே சத்தியம் செய்து கொடுத்துவிட்டார்கள். நான் அப்போதே சொன்னேன், சின்னப் பிள்ளையிடம் சத்தியம் எல்லாம் செய்யக் கூடாது என்று.

மார்ச் 14, வெள்ளி

கடைக்குப் போகும்போது மூணு விசில் வந்தால் அடுப்பை அணைக்கச் சொல்லிவிட்டுப் போனேன். வந்து பார்த்தால் பருப்பு அடிப்பிடித்துக் கரியாகக் கிடக்கிறது. இவங்க அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

"விசிலே வரலியேட்டி."

பக்கத்து வீட்டு மெர்சியிடம் கேட்டேன். எட்டு விசிலாவது வந்திருக்கும் என்றாள். பேப்பர் சுவாரசியம். துவரம்பருப்பு கால் கிலோ வீண். விசில் குண்டு வாங்கியது, நாற்பது ரூபாய். குண்டு பழசுதான், எப்படியும் மாற்ற வேண்டியது.

மார்ச் 19, புதன்

சூசையப்பர் திருநாள். கோவிலில் ஆண்கள் பக்கம் ஜன்னலோரத் தூணுக்குக் கீழேதான் இவங்க எப்போதும் உட்காருவார்கள். அங்கே காற்று வரும். இன்றைக்கு நடுப்பாதை ஓரம் வந்து உட்கார்ந்திருந்தார்கள், பெண்கள் பக்கத்தில் நான் இருக்கிற பெஞ்சுக்கு நேராக. எழுந்தேற்றத்துக்கு, சாமியார் அப்பத்தைத் தூக்கிக் கைமணி அடிக்கும்போது, எல்லாரும் தலை குனிந்த பிறகுதான் குனிந்தார்கள். என்னைப் பார்த்துக் குனிந்தது போல இருந்தது. பூசை நேரத்தில் நான் அங்கே இங்கே பார்த்தது என் தப்பு.

மார்ச் 25, செவ்வாய்

சமையலறையில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். எங்கிருந்தோ சிக் சிக் சிக் என்று சத்தம். குழாய் ஒழுகுகிறதோ என்று திருகிப் பார்த்தேன், இல்லை. பல்லியும் இல்லை. சத்தம் மாடியிலிருந்து வருகிறது.

ஏறிப் போய்ப் பார்த்தேன். இவங்க முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார்கள், காதில் ஹெட்போன். அதற்குள்ளிருந்துதான் அவ்வளவு சத்தம் வெளியே கசிகிறது. எனக்குக் கீழ்வரைக்கும் கேட்கிறது. இவங்களோ ஹெட்போனை ரெண்டு கையாலும் காதோடு சேர்த்து அமுக்கி, கண்ணை மூடி, கிணற்றுக்குள் விழுந்த எதையோ தேடுகிற மாதிரி இருக்கிறார்கள்.

தவக்காலத்தில் பாட்டா என்று கேட்கத்தான் ஏறினேன். கேட்காமல் இறங்கி வந்துவிட்டேன். நெத்திலி அரை கிலோ. குழம்பில் உப்பு ரெண்டு தடவை போட்டுவிட்டேன்.

ஏப்ரல் 2, புதன்

ஜோவிட்டா கல்யாணச் சேலையைக் காட்ட வந்தாள். நுழையும்போதே "மாமா! மாமோய்!" என்று கத்தல். இவங்க திரும்பவில்லை. நான் ஓடிப் போய் இவங்க முன்னால் நின்று "பிள்ள வந்திருக்கா" என்றேன்.

"எனக்குத் தெரியாதா?" என்று முகமெல்லாம் சிரிப்பு.

ஜோவிட்டா ஒரு பட்டியலே சொன்னாள். முதலில் எது, கேக் வெட்டும்போது எது, கடைசியில் எது. "கடைசில பைலா மாமா. மெட்ராஸ்காரங்க வாயப் பொளக்கணும்." பைலா கொழும்புப் பக்கமிருந்து எங்கள் கடற்கரைக்கு வந்த ஆட்டம். பாட்டு ஆறு ஆறு தட்டாகப் போகும். எங்கள் ஆட்களுக்கு அதைக் கேட்டால் முழங்கால் வலி எல்லாம் மறந்துவிடும்.

இவங்க எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்கள். அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இப்போதெல்லாம் நான் இவங்க எதிரே நின்றுதான் பேசுகிறேன். அதுவும் நல்லதுதான். புருசன் பெண்சாதி முகம் பார்த்துப் பேச வேண்டும் என்று சாமியார் பிரசங்கத்தில் சொன்னார்.

ஏப்ரல் 13, ஞாயிறு

குருத்து ஞாயிறு. எங்கள் குருத்தோலையை இவங்க சிலுவையாகப் பின்னிக் கொடுத்தார்கள். ஓலை ஒரு இடத்தில்கூடக் கிழியவில்லை.

ஏப்ரல் 17, வியாழன்

பெரிய வியாழன். சாயங்காலப் பூசை. 'உன்னதங்களிலே' பாடும்போது மணிகளை எல்லாம் சேர்த்து அடிப்பார்கள். அதோடு பாஸ்கா வரை மணி ஊமை, கட்டைதான் தட்டுவார்கள். இந்த வருசம் கோபுரத்துக்கு வெள்ளை அடிப்பதால் பெரிய மணி இல்லை. பதிலுக்குப் பீடத்தில் நாலு பேர் கைமணியை எடுத்துக் கண்ணீர் வருகிற மாதிரி அடித்தார்கள். எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது.

வீட்டுக்கு நடந்து வரும்போது இவங்க சொன்னார்கள். "கோபுர மணி இல்லன்னா என்ன, கைமணியாவது அடிச்சிருக்கலாம்லா? சப்புன்னு ஆகிப்போச்சு."

நான் நின்றுவிட்டேன். செருப்பில் கல் மாட்டிக்கொண்டது என்று குனிந்தேன்.

"மறந்துட்டாங்க போல" என்றேன்.

பெரிய வியாழன் அன்று, பூசை கேட்ட வாயோடு பொய். இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டுமா என்று தெரியவில்லை. சொன்னால் ஏன் சொன்னாய் என்று சாமியார் கேட்பார்.

ஏப்ரல் 18, வெள்ளி

பெரிய வெள்ளி. சிலுவைப்பாதை. எதுவும் எழுத வரவில்லை.

ஏப்ரல் 19, சனி

காலையில் மொட்டை மாடியில் வயர்களை வெயிலில் போட்டுத் துடைத்தோம். இவங்க ஒரு நுனி, நான் ஒரு நுனி. நான் ஏதோ கேட்டேன், பதில் இல்லை. தோளைத் தட்டினேன். திரும்பி என்னையே பார்த்தார்கள்.

"மணி அடிச்சாங்கல்லா பிலோமி?"

வயரைச் சுருட்டினேன்.

"கோவில் உபதேசியாரு கடையில வச்சுச் சொன்னாரு, இந்த வருசம் கைமணியே அவ்ளோ அழகா இருந்துச்சுன்னு. உனக்குப் பொய் சொல்ல வராதுட்டி. செருப்புல கல்லாம். நீ போட்டிருந்தது ஷூ மாதிரி மூடுன செருப்பு."

சனவரியிலேயே தனியாகப் போய்க் காது டாக்டரைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள். கீழ்ச்சத்தம் பரவாயில்லையாம். கீச்சென்று வரும் மேல்சத்தம் ரெண்டு காதிலும் போய்விட்டதாம். விசில், மணி, பிள்ளைகள் கூப்பிடுவது. முப்பது வருசமாக ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே நின்றதற்கு இதுதான் கிடைத்தது. போனது திரும்பாது, மிசின் வைத்தால் பேச்சு நன்றாகக் கேட்கும் என்று சொல்லியிருக்கிறார் டாக்டர்.

"குத்து கேக்குது. நெஞ்சுல வந்து இடிக்குது. சிக் இல்ல. சுத்தமா இல்ல. காதுல மிசின வச்சுட்டுப் போய் நின்னா எவன் டிஜேம்பான்?"

"அதான் அந்தப் பட்டன் இருக்கே" என்றேன். "அது சேர்த்துக்கிடும்னு அண்ணன் சொன்னாங்கல்லா. யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்லா. பட்டன அமுக்குறவன் டிஜே இல்லன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு, இப்ப நான் அமுக்கவா? மாட்டேன். ஜோவிட்டாட்டச் சொல்லிருவேன். மெட்ராஸ் பையன் வரட்டும்."

சொல்லிவிட்டு வயரைச் சுருட்டினார்கள். ஒரே வயரை ரெண்டு தடவை சுருட்டினார்கள்.

எனக்கு என்ன வந்ததோ, "நீங்க அமுக்க வேண்டாம். நான் அமுக்குதேன்" என்றேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

அல்லேலூயா. ஆட்டுக்கறி, இடியாப்பம். மத்தியானம் வீட்டில் பாட்டு வைத்தோம். நானே போய் வைத்தேன்.

ஏப்ரல் 23, புதன்

மாடியில் மிக்ஸரில் கை பழகினேன். நான் ஆறாவதோடு பள்ளியை விட்டவள். ஜெபப் புத்தகத்தில் தமிழும், மாத்திரை அட்டையிலும் சோப்பு டப்பாவிலும் இங்கிலீஷும் தானாகக் கற்றுக்கொண்டேன். இவங்க லேப்டாப்பில் பாட்டுப் பேரெல்லாம் தட்டி ஏற்றியது நான்தான். அதனால் பட்டன் சுலபமாக வந்தது. ஹெட்போன்தான் பாடு. ஒரு காதில் மட்டும் மாட்ட வேண்டும். அந்தக் காதில் அடுத்த பாட்டு, மற்றக் காதில் ஓடுகிற பாட்டு. முதல் நாள் ரெண்டு வீட்டுச் சண்டையை ஒரே நேரத்தில் கேட்டது போல் இருந்தது.

"சிக் கேக்குதா?"

"அப்பளம் நொறுங்குத மாதிரி இருக்கு."

"அதான். அதான்ட்டி சிக்!" என்று இவங்களுக்கு ஒரே சந்தோசம். பிறகு கேட்டார்கள், "எப்படி இருக்கு?" பல வருசம் பார்க்காத ஆளைப் பற்றி விசாரிக்கிற மாதிரி.

நன்றாக இருக்கிறது என்றேன்.

பாட்டை எல்லாம் பட்டனே அழகாகச் சேர்த்துவிடுகிறது. உண்மையைச் சொல்ல வேண்டும் அல்லவா, இவங்க காதால் சேர்ப்பதை விடவும் ஒட்டுத் தெரியாமல் சேர்க்கிறது. இதை நான் சொல்லவில்லை.

ஏப்ரல் 28, திங்கள்

ஜோவிட்டா கல்யாணம். காலையில் திருமணப் பூசை, சாயங்காலம் மண்டபத்தில் வரவேற்பு.

மேடைக்குப் பக்கத்தில் மேசை போட்டு மிக்ஸரை வைத்திருந்தோம். பட்டுச்சேலையில் ஹெட்போன் மாட்டி நிற்கிறேன். மரியாயின் சேனையில் என்னோடு ஜெபமாலை சொல்கிற பெண்கள் அத்தனை பேரும் முன் வரிசை. தரையைப் பார்த்துக்கொண்டேன்.

டெரன்ஸ் அண்ணன் வந்தார். "என்ன தங்கச்சி, டிஜே பிலோமியா?"

"இல்லண்ணே. டிஜே அங்க நிக்காங்க. நான் பட்டன்."

அண்ணன் இவங்களையும் என் காதையும் மாறி மாறிப் பார்த்தார். அதன் பிறகு கேலி செய்யவில்லை. போய் எனக்கு ஒரு ஸ்டூல் கொண்டுவந்து போட்டார்.

தொடங்கியது. இவங்க அடுத்த பாட்டை விரலால் காட்ட, நான் பட்டனை அமுக்க, பாட்டோடு பாட்டு போய்ச் சேர்ந்தது. அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். இத்தனை வருசமும் கல்யாண வீட்டில் இவங்க முகத்தை நான் பார்த்ததே இல்லை. எப்போதும் தலையைத் தோளில் சாய்த்து, ஹெட்போனை இடுக்கிக்கொண்டு, மிக்ஸருக்குள்ளேயே குனிந்திருப்பார்கள். இன்றைக்குத் தலை நிமிர்ந்திருந்தது. ஆட்களைப் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா நாற்காலியில் உட்கார்ந்தபடி ஒற்றைப் பாதத்தை மட்டும் ஆட்டுவதைப் பார்த்து, பட்டியலை விட்டுவிட்டு ஒரு பழைய மெதுப்பாட்டைக் காட்டினார்கள். அந்த மனுசர் எழுந்து தன் பெண்சாதி கையைப் பிடித்தார். மண்டபமே கைதட்டியது.

கடைசியாகப் பைலா. பட்டனை அமுக்கினேன். தப்பாகிவிட்டது. ஓடிய பாட்டு நாலு தட்டு, பைலா ஆறு தட்டு. மிசின் கணக்கை மாற்றிப் போட்டுப் பைலாவைத் தலைதெறிக்க ஓட விட்டது. சிக்குகள் குத்தின் மேல் ஏறி விழுந்தன. எனக்குக் காதில் கேட்கிறது, என்ன செய்வது என்று தெரியவில்லை. மாதாவே என்றேன்.

நான் சொல்வதற்கு முன்பே இவங்க கை மிக்ஸருக்குப் போய்விட்டது. "சிங்க எடுத்துரு!" எடுத்தேன். பழைய பாட்டைச் சட்டென்று நிறுத்தி, பைலாவின் வேகத்தை மெல்ல இறக்கினார்கள். மிக்ஸரைப் பார்க்கவே இல்லை. ஆடுகிறவர்களின் கால்களையே பார்த்து இறக்கினார்கள். தடுமாறி நின்ற கால்கள் ஒவ்வொன்றாக இடம் பிடித்தன. ஜோவிட்டாவின் கால் விழுந்த இடத்தில் கையை நிறுத்தினார்கள்.

"எப்படித் தெரிஞ்சுது?" என்றேன், முகத்துக்கு நேராக.

"கால் இடறிச்சுல்லா."

அடுத்த பைலா இருக்கிறது, அதற்கடுத்ததும் இருக்கிறது. பட்டனை நம்ப முடியாது. இவங்க எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, "தட்டு" என்றார்கள்.

புரிந்தது. ஹெட்போனில் கேட்கிற அடுத்த பாட்டின் சிக்கை இவங்க தோளில் விரல் நகத்தால் தட்டினேன். ஓடுகிற பாட்டின் குத்து தரை வழியாக இவங்க காலில் ஏறுகிறது. என் விரல் அந்தக் குத்துகளுக்கு நடுவில் சரியாக விழுகிற வரைக்கும் வேகத்தை ஏற்றி இறக்கினார்கள். "ம்" என்றார்கள். ரெண்டு பாட்டும் ஒரே பாட்டாயிற்று. யாருக்கும் தெரியவில்லை.

மரியாயின் சேனைத் தலைவி உட்பட எல்லாரும் ஆடினார்கள். ஜோவிட்டா ஓடிவந்து மாமாவின் ரெண்டு கையையும் பிடித்து இழுத்தாள். "போங்க, நான் பாத்துக்கிடுதேன்" என்றேன். போனார்கள். பாட்டு முடியும் வரை நான் தனியாக நின்றேன். தோள் இல்லாததால் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 29, செவ்வாய்

சாமான்கள் வந்தன. வயர் சரி. மைக் சரி. திருகாணியும் கிடைத்தது. பழைய மிக்ஸர் பெட்டிக்குள்ளேயே இருந்திருக்கிறது.

டெரன்ஸ் அண்ணன் அடுத்த மாதத்துக் கல்யாணங்களைச் சொல்லிவிட்டு, "ரெண்டு பேரும் வாங்க" என்றார். இவங்க சட்டையைக் கழற்றும்போது பார்த்தேன், வலது தோளில் சின்னச் சின்னதாகச் சிவந்திருந்தது. தேங்காய் எண்ணெய் தடவினேன். என் நகத்தை வெட்டப் போனேன்.

"வெட்டாத. கேக்காது" என்றார்கள்.

வெள்ளிக்கிழமை காது டாக்டர். இந்தத் தடவை நானும் போகிறேன்.

மே 4, ஞாயிறு

மிசின் வர இன்னும் ரெண்டு வாரம் ஆகுமாம்.

பூசையில் இவங்க நடுப்பாதை ஓரம், நான் இந்தப் பக்க ஓரம். எழுந்தேற்றத்துக்குக் கொஞ்சம் முன்னால் இவங்க என் பக்கம் திரும்பினார்கள். சிலர் பார்த்தார்கள், பார்க்கட்டும். பீடத்தில் கைமணி அடித்தபோது, இவங்க பார்க்கும்படி ஜெபமாலைச் சிலுவையைப் பெஞ்சு விளிம்பில் ஒவ்வொரு மணிக்கும் ஒரு தட்டுத் தட்டினேன்.

சரியான நேரத்தில் தலை குனிந்தார்கள்.